மாலையில் இமை இறங்கினால் நெஞ்சுக்கு ஏன் ஸ்கேன்?

கேள்வி இதுதான்: "அம்மாவுக்கு 54 வயது. சில மாதங்களாக மாலையானால் இடது கண் இமை பாதி மூடிக்கொள்கிறது. டிவி பார்த்தால் ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்கிறார். காலையில் எழுந்தால் ஒன்றுமே இல்லை. கண் டாக்டர் பார்த்துவிட்டு நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். அவர் ரத்தப் பரிசோதனையோடு நெஞ்சுக்கு சிடி ஸ்கேனும் எழுதிக் கொடுத்திருக்கிறார். கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்? கேன்சர் என்று சந்தேகப்படுகிறார்களா?"

ஸ்கேனைத் தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள். அதற்காக, கேன்சர்தான் என்று இப்போதே முடிவு செய்துகொண்டு வீடே இடிந்து உட்கார வேண்டியதில்லை. நீங்கள் சொல்கிற அறிகுறிகள் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய்க்கு அச்சு அசலாகப் பொருந்துகின்றன. அந்த நோய் உள்ள 100 பேரில் 10 முதல் 15 பேருக்கு நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கும். மீதிப்பேருக்குக் கட்டி கிடையாது. அந்தப் பத்துப் பதினைந்து பேரில் அம்மாவும் ஒருவரா என்று தெரிந்துகொள்ளத்தான் ஸ்கேன். நான் கண் மருத்துவன், அதிலும் நரம்பு சார்ந்த கண் கோளாறுகளை அதிகம் பார்க்கிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு தசையை அசைக்க வேண்டும் என்றால், நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வெளியே வந்து, தசையின் மேல் இருக்கிற ஏற்பிகளில் போய் ஒட்ட வேண்டும். அப்போதுதான் தசை சுருங்கும். மயஸ்தீனியாவில் நம் நோய் எதிர்ப்பு மண்டலமே அந்த ஏற்பிகளுக்கு எதிராக ஆன்டிபாடிகள் என்ற எதிர்ப்புப் புரதங்களைத் தயாரித்து, அவற்றை அடைத்தும் அழித்தும் விடுகிறது. மிச்சமிருக்கிற ஏற்பிகளை வைத்துக்கொண்டு முதல் சில அசைவுகளைத் தசை சமாளித்துவிடும். திரும்பத் திரும்ப வேலை வாங்கினால் சோர்ந்து போகும். ஓய்வு கிடைத்தால் மீண்டுவிடும். ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தால் இமை சரியாக இருப்பதற்கும் மாலையில் இறங்குவதற்கும் இதுதான் காரணம். 1973-ல் ஜிம் பேட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ரம் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் மின்விலாங்கு மீனிலிருந்து பிரித்தெடுத்த ஏற்பியை முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். அதை எதிர்த்து முயல்களின் உடம்பு ஆன்டிபாடி தயாரித்தது, முயல்கள் தளர்ந்து விழுந்தன. நோயின் மூலகாரணம் அன்றைக்குத்தான் தெளிவானது.

உடம்பில் எத்தனையோ தசைகள் இருக்கும்போது கண்ணில் ஏன் முதலில் தெரிகிறது என்று கேட்பீர்கள். பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு இது கண்ணில்தான் ஆரம்பிக்கிறது. கண்ணை அசைக்கும் தசைகள் மிக வேகமாக, இடைவிடாமல் வேலை செய்கிறவை. இமையைத் தூக்கிப் பிடிக்கும் தசைக்கோ, நாம் விழித்திருக்கும் நேரம் முழுக்க ஓய்வே கிடையாது. இந்தத் தசைகளில் ஏற்பிகளின் கையிருப்பும் குறைவு, எதிர்ப்பு மண்டலத்தின் தாக்குதலைத் தடுக்கும் புரதங்களும் குறைவு. இன்னொரு காரணமும் உண்டு. கையில் கொஞ்சம் பலம் குறைந்தால் நமக்குத் தெரியவே தெரியாது. இரண்டு கண்களும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் மாதிரி. ஒரு மாடு அரை அடி பின்தங்கினாலும் வண்டி கோணிவிடும். ஒரு கண்ணின் ஒரே ஒரு தசை இம்மியளவு தளர்ந்தாலும் பார்வை இரண்டாகப் பிரிந்துவிடும்.

இனி நெஞ்சுக்கு வருகிறேன். தைமஸ், இதயத்துக்கு முன்னால், நெஞ்செலும்பை ஒட்டி இருக்கிற சுரப்பி. குழந்தைப் பருவத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு "இது நம் உடம்பு, இதைத் தாக்காதே" என்று கற்றுக்கொடுப்பது அதன் வேலை. வயதானால் சுருங்கி வெறும் கொழுப்பாகிவிடும். சிலருக்கு, பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள், அதில் தைமோமா என்ற கட்டி வளரும். கட்டிக்குள் இந்தக் கற்பித்தல் கோணலாக நடக்கிறது. சொந்தத் தசையையே எதிரியாக நினைக்கும் அணுக்கள் வடிகட்டப்படாமல் வெளியே வந்துவிடுகின்றன. தைமோமா வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மயஸ்தீனியா வருவது இதனால்தான். கட்டி கண்ணுக்குப் பரவி இமையை இழுப்பதில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் "இமை இறங்குகிறதென்றால் கண் வரைக்கும் பரவிவிட்டதா?" என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பெரும்பாலான தைமோமாக்கள் மெதுவாக வளர்கிறவை. நேரத்தோடு கண்டுபிடித்து முழுசாக எடுத்துவிட்டால் நன்றாகக் குணமாகும்.

இந்தத் தொடர்பை மருத்துவர்கள் கவனிக்க ஆரம்பித்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. 1901-லேயே ஜெர்மனியில் வைகர்ட் என்ற மருத்துவர், இறந்துபோன ஒரு மயஸ்தீனியா நோயாளியின் தைமஸில் கட்டி இருந்ததைப் பதிவு செய்தார். 1936-ல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஆல்ஃபிரட் பிளாலக் ஓர் இளம்பெண்ணுக்குத் தைமஸ் கட்டியை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார். அந்தப் பெண்ணின் தசைத் தளர்ச்சி குறைந்தது. பிறவி இதயக் கோளாறால் உடம்பு நீலம் பாரிக்கும் குழந்தைகளுக்கான இதய அறுவை சிகிச்சையால் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அதே பிளாலக்தான். கட்டியே இல்லாதவர்களுக்கும் தைமஸை எடுத்தால் பலன் உண்டா என்ற கேள்விக்கு 2016-ல்தான் முறையான ஆய்வு பதில் சொன்னது: நோய் உடம்பு முழுக்கப் பரவியவர்களில், ஆன்டிபாடி உள்ளவர்களுக்குப் பலன் உண்டு. ஆகவே டாக்டர் ஆபரேஷன் பற்றிப் பேசினாலே கேன்சர் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சாதாரண எக்ஸ்ரே போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. சிறிய கட்டிகள் இதயத்தின் நிழலில் ஒளிந்துகொள்ளும். ரத்தத்தில் ஆன்டிபாடி இல்லை என்று ரிப்போர்ட் வந்தாலும், மயஸ்தீனியா என்று உறுதியானால் சிடி எடுத்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. கண்ணோடு நின்றுவிட்ட நோயில் சுமார் பாதிப்பேருக்கு அந்த ரத்தப் பரிசோதனை ஒன்றும் காட்டாது.

நோயை எப்படி உறுதி செய்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பார்த்தால் உங்களுக்கே புரியும். நோயாளியை உட்கார வைத்து, தலையை அசைக்காமல் மேலே ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்வோம். இமை உடனே விழாது. அரை நிமிடம் போனதும் மெல்ல நழுவ ஆரம்பிக்கும், கருவிழியின் மேல் ஓரத்தை மறைக்கும், பிறகு அதன் நடுவில் இருக்கும் கண் பாப்பாவையே மூடும். நெற்றியைச் சுருக்கி, புருவத்தைத் தூக்கி, நாடியை உயர்த்தி எப்படியாவது பார்க்க முயல்வார்கள். அப்புறம் ஒரு கையுறையில் ஐஸ் துண்டுகளைப் போட்டுக் கட்டி, மூடிய இமையின் மேல் இரண்டு நிமிடம் வைப்போம். எடுத்ததும் ஸ்கேலால் அளந்தால் இமை 2 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கும். குளிர்ச்சியில் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி மந்தமாகிவிடுவதால், இருக்கிற ரசாயனம் கூடுதல் நேரம் தங்கி வேலை செய்கிறது. செலவே இல்லாத சோதனை, பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். இது ஒவ்வொரு கண் கிளினிக்கிலும் நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், ஏனென்றால் எத்தனையோ பேர் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டே வருடக்கணக்கை ஓட்டிவிடுகிறார்கள். இதோடு நரம்பைத் தொடர்ந்து தூண்டித் தசையின் பதிலைப் பதிவு செய்யும் பரிசோதனையும் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மயஸ்தீனியாவில் கண் பாப்பாவின் அளவு மாறாது, வலியும் இருக்காது. இமை இறங்கியதோடு பாப்பா விரிந்து, தலைவலியும் திடீரென்று வந்தால் அது மூளை ரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம். அதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, கேன்சர் சம்பந்தப்பட்ட தசைக் கோளாறுகள் கண்ணில் தெரிவது மயஸ்தீனியாவில் மட்டும்தானா? இல்லை. உங்கள் அம்மாவுக்கு இவை பொருந்தவில்லை, ஆனாலும் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது தேவைப்படலாம்.

லாம்பர்ட்-ஈட்டன் என்று ஒரு நோய். 1950-களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இதைத் தனியாக அடையாளம் கண்டார்கள். இதில் தாக்குதல் நடப்பது தசையின் பக்கம் அல்ல, நரம்பு நுனியின் பக்கம். அசிட்டைல்கோலின் வெளியே வருவதற்குக் கால்சியம் உள்ளே போக வேண்டும், அந்தக் கால்சியம் வாயில்களை ஆன்டிபாடி கெடுத்துவிடுகிறது. இந்த நோயாளிகளில் பாதிக்குச் சற்று அதிகமானவர்களுக்கு நுரையீரலில் 'ஸ்மால் செல்' என்ற வகைக் கேன்சர் இருக்கும். அப்படிக் கேன்சர் இருப்பவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் புகைபிடித்தவர்கள். அந்தக் கேன்சர் அணுக்களின் மேலும் அதே கால்சியம் வாயில்கள் இருப்பதால், கேன்சரை எதிர்க்கக் கிளம்பிய ஆன்டிபாடி நரம்பையும் சேர்த்து அடிக்கிறது.

இதில் இமை லேசாகத்தான் இறங்கும், அதுவும் முதலில் இறங்காது. முதலில் தளர்வது தொடை. தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது, மாடிப்படி ஏற முடியாது. கூடவே வாய் வறண்டு போகும், கண் வறண்டு உறுத்தும், மலச்சிக்கல் வரும், ஆண்களுக்கு விறைப்புத்தன்மை குறையும். பாப்பா வெளிச்சத்துக்கு மந்தமாகச் சுருங்கும். மேலே பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னால் மயஸ்தீனியாவுக்கு நேர்மாறாக இமை கொஞ்ச நேரம் உயர்வதும் உண்டு, ஏனென்றால் இதில் தசையைத் தொடர்ந்து இயக்கினால் பலம் தற்காலிகமாகக் கூடும். மயஸ்தீனியா கண்ணில் ஆரம்பித்துக் கீழே இறங்கும், லாம்பர்ட்-ஈட்டன் காலில் ஆரம்பித்து மேலே ஏறும். பெரும்பாலும் கேன்சர் கண்டுபிடிக்கப்படுவதற்கு மாதங்களுக்கு முன்பே தசைத் தளர்ச்சி வந்துவிடும். முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் விட்டுவிடக் கூடாது. குறைந்தது இரண்டு வருடம், சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

அடுத்தது டெர்மடோமயோசைட்டிஸ், தோலும் தசையும் சேர்ந்து அழற்சியாகிற நோய். இதில் கண்ணை அசைக்கும் தசைகள் பொதுவாகத் தப்பித்துக்கொள்ளும். ஆனால் மேல் இமைத் தோல் ஊதா கலந்த சிவப்பாக நிறம் மாறி வீங்கும். புத்தகங்களில் இருக்கும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அது ஊதாவாகத் தெரியாது. கருமை படர்ந்த மாதிரியோ, தூக்கமில்லாத வீக்கம் மாதிரியோ தெரியும். அலர்ஜி என்று சொல்லிக் களிம்பு தடவிக்கொண்டே இருப்பார்கள். விரல் முட்டிகளின் மேல் தடிப்பு இருக்கிறதா, கையைத் தூக்கித் தலை பின்ன முடிகிறதா, கொடியில் துணி போட முடிகிறதா என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். பெரியவர்களுக்கு இந்த நோய் வந்தால், 100-ல் 15 முதல் 25 பேருக்கு ஏதாவது ஒரு கேன்சர் இருக்கலாம் அல்லது அடுத்த சில வருடங்களில் வரலாம். சினைப்பை, நுரையீரல், மார்பகம், இரைப்பை, குடல் என்று பல இடங்கள். கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் மூக்குக்குப் பின்புறத் தொண்டைக் கேன்சரும் சேர்த்தி. முதல் வருடம்தான் ஆபத்து அதிகம். டிஐஎஃப்-1 காமா என்ற ஆன்டிபாடி இருப்பவர்களை இன்னும் கவனமாகத் தேடிப் பார்ப்பார்கள்.

இப்போது நான் சொல்லப்போவதை, கேன்சருக்கு இம்யூனோதெரபி எடுத்துக்கொள்கிற யார் வீட்டில் இருந்தாலும் தயவுசெய்து படிக்கச் சொல்லுங்கள். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப், இபிலிமுமாப் போன்ற மருந்துகள் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பிரேக்கை எடுத்துவிட்டு, அதைக் கேன்சர் மேல் ஏவிவிடுகின்றன. இந்த வழியைக் கண்டுபிடித்ததற்காக ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசுக்குத் தகுதியான மருந்துகள்தான், எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் சிலருக்கு, முதல் அல்லது இரண்டாவது ஊசிக்குப் பிறகு, சில வாரங்களுக்குள், எதிர்ப்பு மண்டலம் சொந்தத் தசைகளின் மேலேயே பாய்கிறது. முதல் அடையாளம் பல நேரம் இமை இறங்குவதும் பார்வை இரண்டாகத் தெரிவதும்தான். கேன்சர் சிகிச்சையின் அசதி என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். இரண்டு மூன்று நாளில் கழுத்து நிற்காது, சாப்பாடு விழுங்க முடியாது, மூச்சு திணறும். அதே நேரத்தில் இதயத் தசையும் அழற்சியாகலாம், அதுதான் உயிரை எடுக்கும்.

இந்த மருந்து எடுத்துக்கொண்டிருப்பவருக்கு இமை இறங்கினால் கண் டாக்டரிடம் அப்பாயின்மென்ட் வாங்கிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே கேன்சர் டாக்டருக்குப் போன் செய்து, ஈசிஜி, அதோடு இதயத் தசையும் மற்றத் தசைகளும் சேதமாகிறதா என்று காட்டும் ட்ரோபோனின், சிபிகே என்ற ரத்தப் பரிசோதனைகள், மூன்றையும் பார்க்கச் சொல்ல வேண்டும். ஊசியை நிறுத்தி, ஸ்டீராய்டோடு தேவைப்பட்டால் இம்யூனோகுளோபுலினோ பிளாஸ்மா மாற்றமோ செய்வார்கள். மயஸ்தீனியாவின் ஆன்டிபாடி இவர்களில் பலருக்கு இருக்காது, எனவே அந்த ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பதும் தவறு. ஏற்கெனவே தைமோமா உள்ளவர்களுக்கு இந்த விபத்து நடக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம், அதனால் அவர்களுக்கு இந்த மருந்துகளைக் கொடுக்க டாக்டர்கள் தயங்குவார்கள்.

கேன்சர் நேரடியாகவே கண் தசையை, அல்லது அதன் நரம்பைத் தொடுவதும் உண்டு. நுரையீரலின் உச்சியில் வரும் கட்டி, அந்த வழியாக ஏறிப் போகும் நரம்பை அழுத்தினால் இமை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறங்கும், அந்தப் பக்கப் பாப்பா சிறுத்துவிடும். கூடவே தோள்வலி இருக்கும். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்துவிட்டுத்தான் பலர் வருகிறார்கள். மார்பகக் கேன்சர், சிகிச்சை முடிந்து வருடங்கள் கழித்தும் கண் தசைகளுக்குப் பரவலாம். கண் வெளியே பிதுங்குவதற்குப் பதிலாகச் சிலருக்கு உள்ளே இழுபட்டுக் குழி விழும். குழந்தைகளுக்கு ஒரு கண் மட்டும் சில நாட்களில், சில வாரங்களில் வேகமாகப் பிதுங்கினால், கிருமித்தொற்று என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்துக்கொண்டிருக்காமல் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும். ராப்டோமயோசர்கோமா என்ற தசைத் திசுக் கேன்சராக இருக்கலாம். கண் குழிக்குள் மட்டும் இருக்கும்போது பிடித்துவிட்டால், 10-ல் 9 குழந்தைகளுக்கு மேல் இன்றைக்குப் பிழைத்துக்கொள்கிறார்கள்.

மறுபடியும் அம்மாவுக்கு வருகிறேன். காலையில் எழுந்ததும் ஒரு போட்டோ, மாலை ஆறு மணிக்கு ஒரு போட்டோ, முகத்துக்கு நேராகப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். கிளினிக்கில் காலை நேரத்தில் பார்த்தால் இமை சரியாகவே இருக்கும், அப்போது இந்தப் போட்டோதான் சாட்சி. இரண்டாகத் தெரிவது தொந்தரவாக இருந்தால் ஒரு கண்ணை மூடிக்கொள்ளலாம், கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மங்கலான டேப் ஒட்டலாம். அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. இமையைத் தூக்கிக் கட்டும் ஆபரேஷனுக்கு யாராவது அவசரப்படுத்தினால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். மருந்திலேயே இமை மேலே வந்துவிடலாம்.

மயஸ்தீனியா உறுதியானால் பைரிடோஸ்டிக்மின் மாத்திரையில் ஆரம்பிப்பார்கள். இமைக்கு நன்றாகக் கேட்கும், இரட்டைப் பார்வைக்கு அவ்வளவாகக் கேட்காது. அதற்குப் பெரும்பாலும் ஸ்டீராய்டு தேவைப்படும். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள், ஏனென்றால் எடுத்த எடுப்பில் அதிகமாகக் கொடுத்தால் முதல் இரண்டு வாரங்களில் தளர்ச்சி கூடிவிடும். கண்ணில் ஆரம்பித்தவர்களில் சுமார் பாதிப்பேருக்கு இது உடம்புக்கும் பரவுகிறது, அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு வருடங்களுக்குள். எனவே இந்தக் காலத்தில் நரம்பு டாக்டரிடம் ஒழுங்காகப் போய் வர வேண்டும்.

எந்த டாக்டரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, மயஸ்தீனியா இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசிகள், சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், குளோரோகுயின், மெக்னீசியம் ஊசி, பிபிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் ஆகியவை இந்தத் தளர்ச்சியைத் திடீரென்று அதிகமாக்கும். கண் அழுத்தத்துக்கு விடுகிற டிமோலால் சொட்டு மருந்தும் இந்தப் பட்டியலில் உண்டு. சொட்டுதானே என்று யாரும் அதைச் சொல்வதே இல்லை. அம்மா அப்படி எதையாவது விட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், கண் டாக்டரிடம் சொல்லி வேறு சொட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவை: பேசப் பேசக் குரல் மூக்கால் பேசுவது போல மாறுகிறதா, பாதிச் சாப்பாட்டில் மெல்ல முடியாமல் தாடையைக் கையால் தாங்குகிறாரா, தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா. சந்தேகமாக இருந்தால் நன்றாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். 20 வரை போக முடியவில்லை என்றால், நடுராத்திரியாக இருந்தாலும், வென்டிலேட்டர் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கிளம்பிவிடுங்கள்.